படம் இழுபட்டால் பிளேயரை மாற்றிப் பயனில்லை

முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“வணக்கம் அண்ணா. எங்கள் வீட்டில் இருப்பது 2014இல் வாங்கிய மேசைக்கணினி. இன்டெல் ஐ3, நாலாம் தலைமுறை. ராம் 4 ஜிபி, விண்டோஸ் 10. கனடாவில் இருக்கும் பெரியண்ணா தன் மகளின் சாமத்தியவீட்டை ஐபோனில் எடுத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் பென்டிரைவில் கொடுத்துவிட்டார். போட்டால் சத்தம் ஒழுங்காகப் போகிறது, படம் இழுபட்டு இழுபட்டு நிற்கிறது. நிறமும் வெளிறிக் கிடக்கிறது. பிள்ளை உடுத்திருக்கும் அரக்குச் சேலை மங்கின ரோஸாகத் தெரிகிறது.

இன்னொன்று, 2003இல் கிளிநொச்சியில் நடந்த அக்காவின் கலியாண வீடியோ. எங்களிடம் இருந்த கசெற் 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. கலியாணத்துக்கு வந்துபோன பெரியண்ணாவிடம் ஒரு பிரதி இருந்தது. அதை அங்கே ஒரு கடையில் டிவிடியாக்கி அனுப்பினார். அது ஓடுகிறது, ஆனால் ஆட்கள் அசையும்போது உடம்பின் ஓரம் முழுக்கக் கோடு கோடாக விழுகிறது. அப்பா இப்போது இல்லை. அவர் நடந்து திரியும் படம் எங்களிடம் இது ஒன்றுதான்.

கடையில் வேறு பிளேயர் போடச் சொன்னார்கள். மூன்று போட்டுப் பார்த்தோம், எல்லாவற்றிலும் ஒரே கதை. புதுக் கணினி வாங்கச் சொல்கிறார்கள். எந்த பிளேயர் நல்லது, என்ன செற்றிங் வைக்க வேண்டும்? அம்மாவும் பார்க்கக்கூடியதாக டிவியில் போட ஆசை.”

தங்கச்சி, புதுக் கணினிக்கு இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். உங்களுக்கு இருப்பது மூன்று வேறு வேறு பிரச்சினைகள். இழுபடுவதற்கு ஒரு காரணம், நிறம் வெளிறுவதற்கு இன்னொன்று, கோடு விழுவதற்கு வேறொன்று. மூன்றையும் ‘பிளேயர் சரியில்லை’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதால்தான் எதை மாற்றியும் சரிவரவில்லை.

பிளேயர் விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். வி.எல்.சி போதும். இலவசம், விளம்பரம் இல்லை, பதிவிறக்கம் ஐம்பது எம்பிக்கும் குறைவு. பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை அது; இன்றைக்கும் அதை நடத்துவது வீடியோலான் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு. துணைக்கு ஒன்று வேண்டுமென்றால் எம்.பி.சி-எச்.சி. பழைய கணினிக்கு அது இன்னும் இலேசு. மற்றதை எல்லாம் கழற்றிவிடுங்கள். கடையில் ‘கோடெக் பேக்’ என்று ஏதாவது போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை. இந்த இரண்டு பிளேயருக்கும் தேவையான கோடெக் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது; வெளியிலிருந்து போடுவது சில வேளை குழப்பத்தைத்தான் கூட்டும். எம்.பி.வி என்று ஒன்றும் உண்டு, படத்தின் தரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதன் செற்றிங்கை ஒரு கோப்பில் கையால் எழுத வேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு அது வேண்டாம்.

இனி இழுபடும் விஷயம். அண்ணா அனுப்பிய வீடியோவை வி.எல்.சியில் ஓடவிட்டு, கொன்ட்ரோல் விசையோடு ஜே அழுத்துங்கள். கோடெக் விபரம் ஒரு பெட்டியில் வரும். அங்கே மூன்று விஷயம் பாருங்கள்: கோடெக்கின் பெயர், படத்தின் அளவு, ஒரு வினாடிக்கு எத்தனை படம். உங்களுடையதில் எச்.ஈ.வி.சி அல்லது எச்.265 என்றும், 3840க்கு 2160 என்றும், 60க்குக் கிட்ட ஓர் எண்ணும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஐபோன் 2017இலிருந்தே எச்.ஈ.வி.சியில்தான் பதிகிறது, நாங்கள் போய் மாற்றிவிட்டாலொழிய.

வீடியோ என்பது மிகவும் இறுக்கிச் சுருக்கிய படம். ஓடும்போது கணினி அதை ஒவ்வொரு படமாக விரித்துத் திரையில் போட வேண்டும். 3840க்கு 2160 என்றால் ஒரு படத்தில் ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளி. வினாடிக்கு 60 படம் என்றால் வினாடிக்கு 50 கோடிக்குக் கிட்ட. இந்த விரிக்கும் வேலைக்கென்றே கணினியின் கிராபிக்ஸ் பகுதிக்குள் ஒரு தனிச் சுற்று இருக்கிறது. அதற்குத் தெரிந்த கோடெக் வந்தால் வெகு சுலபமாகச் செய்து முடிக்கும். தெரியாத கோடெக் வந்தால் முழுப் பாரமும் கணினியின் மூளையான சிபியூவின் தலையில் விழும்.

உங்கள் நாலாம் தலைமுறை ஐ3க்கு எச்.264 என்ற பழைய கோடெக் தெரியும். எச்.ஈ.வி.சியை முழுதாக விரிக்கும் சுற்று அதில் இல்லை. அந்தக் கோடெக் 2013இல்தான் வந்தது. இன்டெல் அதற்கான சுற்றை ஆறாம் தலைமுறையில்தான், 2015இல், சேர்த்தது. அதுவும் நிறத்தை 8 பிட்டில் எழுதும் வீடியோவுக்கு. இப்போதைய ஐபோன்கள் எச்.டி.ஆரில் (வெளிச்சமும் நிறமும் கூடிய வீச்சில்) எடுப்பது 10 பிட். அதற்கு ஏழாம் தலைமுறை வேண்டும். இதை நீங்களே பார்க்கலாம். படம் இழுபடும் நேரத்தில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மானேஜரைத் திறந்தால் சிபியூ 100 வீதத்தில் நிற்கும். சத்தத்தை விரிப்பது சின்ன வேலை, அதனால் அது தடங்கலில்லாமல் போகிறது, படம் பின்தங்கிவிடுகிறது. நீங்கள் போட்டுப் பார்த்த மூன்று பிளேயரும் அதே சிபியூவிடம்தான் போய் நின்றன. முப்பது போட்டிருந்தாலும் முடிவு இதுதான்.

அப்போ என்ன செய்யலாம்?

வீட்டில் இருக்கும் டிவி 4கே (அதே 3840க்கு 2160) ஸ்மார்ட் டிவியா என்று முதலில் பாருங்கள். ஆமென்றால் பென்டிரைவை நேரே டிவியில் குத்திப் பாருங்கள். அநேகமான 4கே டிவிகளுக்குள் எச்.ஈ.வி.சி 10 பிட்டை விரிக்கும் சுற்று இருக்கிறது. கணினியே தேவைப்படாது. இதைப் பார்க்காமலே கணினிக் கடைக்கு நடந்தவர்கள் நிறையப் பேர்.

அது சரிவரவில்லை என்றால், பார்ப்பதற்கென்று ஒரு பிரதி செய்யுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் கோப்பைத் திறந்து, ‘பாஸ்ட் 1080பி30’ என்ற தயார் செற்றிங்கைத் தெரிவு செய்தால் எச்.264இல், 1080 அளவில், வினாடிக்கு 30 படத்தோடு ஒரு புதுக் கோப்பு வரும். அதை உங்கள் ஐ3 கண்மூடித் திறக்கும் நேரத்தில் விரிக்கும். நிறம் வெளிறாமல் இருக்க, பில்டர் பக்கத்தில் கலர்ஸ்பேஸ் என்ற இடத்தில் சாதாரணத் திரைக்கான பி.டி.709ஐத் தெரிவு செய்யுங்கள். முழு வீடியோவையும் உடனே போட்டுவிடாதீர்கள். எங்கிருந்து எதுவரை என்பதை வினாடியில் கொடுக்கலாம். ஒரு நிமிடத் துண்டை மட்டும் செய்து, சேலையின் நிறம் சரியா, முகம் கறுத்துவிட்டதா என்று பார்த்த பிறகு முழுதையும் போடுங்கள். பழைய கணினிக்கு இது பாரமான வேலை. படுக்கப் போகும்போது போட்டுவிட்டால் விடிய முடிந்திருக்கும். மின்சாரம் போய்வரும் நாளில் தொடங்காதீர்கள், இடையில் நின்றால் திரும்ப முதலில் இருந்துதான்.

பிரதி செய்த பிறகு அண்ணா அனுப்பிய மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள், தங்கச்சி. இதை அழுத்திச் சொல்கிறேன். 1080 பிரதியில் போன நுணுக்கம் போனதுதான், திரும்ப வராது. இன்னும் நாலு வருஷத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் கணினி அந்த மூலத்தை இலேசாக ஓட்டும். அந்தப் பிள்ளை பெரியவளாகிப் பார்க்கப் போவதும் மூலத்தைத்தான்.

அடுத்த முறை எடுக்கும்போது அண்ணாவிடம் ஒரு சொல் சொல்லிவிடலாம். ஐபோன் செற்றிங்ஸில் கமரா, அதற்குள் போர்மட்ஸ், அங்கே ‘மோஸ்ட் கொம்பாட்டிபிள்’. அதை வைத்தால் எச்.264இல் பதியும். எச்.டி.ஆர் வீடியோவையும் நிறுத்திவிட்டால் நிறப் பிரச்சினையும் வராது. குடும்பத்தில் எல்லோரிடமும் பழைய கணினி என்றால் இதுதான் வசதி. நல்ல டிவி இருப்பவர்கள் உயர்ந்த தரத்திலேயே எடுக்கட்டும். பென்டிரைவையும் எக்ஸ்பாட் என்ற கோப்பு முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். 4கே, வினாடிக்கு 60 படம் என்றால் எச்.ஈ.வி.சியிலேயே நிமிடத்துக்கு 400 எம்பி அளவு பிடிக்கும். பத்து நிமிடம் கடந்த கோப்பு, பழைய பாட்32 பென்டிரைவில் 4 ஜிபி எல்லை இருப்பதால் ஏறாது.

கடைக்காரர் கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போடலாம் என்றால் அது நியாயமான யோசனைதான், ஆனால் எந்தக் கார்ட் என்று கேளுங்கள். என்விடியா ஜி.டி. 1030 எச்.ஈ.வி.சி 10 பிட்டை விரிக்கும், 30 வாட் அளவுதான் எடுக்கும், தனியாகப் பவர் வயர் தேவையில்லை. ஜி.டி. 710 வாங்காதீர்கள். அதன் பெட்டியில் 4கே என்று போட்டிருப்பார்கள். 4கே திரைக்குப் படம் அனுப்பும் என்பது உண்மை, எச்.ஈ.வி.சியை விரிக்காது என்பதும் உண்மை. காசு கொடுத்த பிறகும் படம் இழுபடும்.

இனி நீங்கள் கேட்ட செற்றிங். வி.எல்.சியில் டூல்ஸ், பிரிபரன்சஸ். உள்ளே இன்புட்/கோடெக்ஸ் பக்கத்தில் ‘ஹார்ட்வெயார் அக்சலரேட்டட் டிகோடிங்’ என்று இருக்கும். அதை ஓட்டோமெட்டிக்கில் விடுங்கள். யாராவது அதை டிசேபிள் செய்து வைத்திருந்தால் எச்.264 வீடியோகூட உங்கள் கணினியில் திணறும். படத்தில் பச்சைக் கட்டம் விழுந்தால் மட்டும் டைரக்ட்3டி11 என்பதற்கும் டி.எக்ஸ்.வி.ஏ 2.0 என்பதற்கும் இடையில் மாற்றிப் பாருங்கள். பிறகு வீடியோ பக்கத்தில் ‘அவுட்புட்’. அதுதான் ரெண்டரர், விரித்த படத்தைத் திரையில் வரைகிற பகுதி. டைரக்ட்3டி11 வையுங்கள். திரை கறுப்பாக வந்தால் டைரக்ட்3டி9. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வி.எல்.சியை மூடித் திறக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

அந்த ரெண்டரர்தான் உங்கள் வெளிறின நிறத்துக்கும் பதில். எச்.டி.ஆர் வீடியோவில் வெளிச்சமும் நிறமும் வேறு அளவுகோலில் எழுதப்பட்டிருக்கும். சாதாரணத் திரைக்கு அதைக் கணக்குப் பார்த்து இறக்கித் தர வேண்டும். இறக்காமல் அப்படியே போட்டால் எல்லாம் சாம்பல் பூத்துத் தெரியும். வி.எல்.சி 3.0இலிருந்து டைரக்ட்3டி11இல் இந்த வேலை நடக்கிறது. டைரக்ட்3டி9இல் போனால் வெளிறும். எம்.பி.சி-எச்.சியில் ஒப்ஷன்ஸ், பிளேபேக், அவுட்புட் என்று போய் எம்.பி.சி வீடியோ ரெண்டரர் பட்டியலில் இருந்தால் அதை வையுங்கள், அதிலும் எச்.டி.ஆரை இறக்கும் வசதி உண்டு. மாட்வி.ஆர் என்று ஒன்றைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ள வீட்டுக்கு அது, உங்கள் கணினிக்கு வேண்டாம். பிரைட்னஸ், செச்சுரேஷன் இழுத்து நிறத்தைச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். இந்த வீடியோவுக்கு இழுத்து வைத்தால் அடுத்த வீடியோ கண்ணைக் கூசும்.

எல்லா வீடியோவுமே டிவியில் மட்டும் வெளிறினால், சாதாரண வீடியோகூட, அது வேறு கதை. கறுப்பிலிருந்து வெள்ளை வரையான அளவை எச்.டி.எம்.ஐ வழியாகக் கணினி 16 முதல் 235 வரை அனுப்ப, டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால் கறுப்பு சாம்பலாகும்; மறுவளமானால் நிழல் எல்லாம் அடைபட்டுப்போகும். இன்டெல் கிராபிக்ஸ் செற்றிங்கில் குவாண்டைசேஷன் ரேஞ்ச் என்ற இடத்தையும் டிவியின் பிளாக் லெவலையும் ஒன்றுக்கொன்று பொருந்த வைத்தால் முடிந்தது.

இப்போது கலியாண வீடியோ. இதில் அவசரப்பட வேண்டாம்.

அந்தக் காலத்துக் கமராக்கள் முழுப் படத்தை ஒரே தடவையில் எடுக்கவில்லை. வினாடிக்கு 50 தடவை அரை அரைப் படமாக எடுத்தன: ஒரு தடவை ஒற்றை வரிகள், அடுத்த தடவை இரட்டை வரிகள். பழைய பெட்டி டிவிக்கு அது இயல்பாகப் பொருந்தியது. கணினித் திரை இரண்டு அரையையும் சேர்த்து ஒரே படமாகப் போடுகிறது. அசையாத பந்தல் தூண் சரியாக இருக்கும். நடக்கிற ஆள் அந்த இரண்டு அரைக்கும் நடுவில் கொஞ்சம் நகர்ந்துவிட்டார், அதனால் அவர் கையின் ஓரத்தில் மட்டும் சீப்புப் பல் மாதிரி விழுகிறது. இதை ஆங்கிலத்தில் இன்டர்லேஸ் என்பார்கள். நீக்குவது டீஇன்டர்லேஸ்.

வி.எல்.சியில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் ஒன் என்று வையுங்கள். கீழே மோட் என்ற இடத்தில் ‘யாடிஃப் 2எக்ஸ்’. அது 50 அரைகளையும் 50 முழுப் படமாக்கித் தரும், அசைவு கமராவில் எடுத்ததைப் போலவே வழுக்கிப் போகும். வெறும் யாடிஃப் என்றால் 25 படம்தான். ‘பிளென்ட்’ வேண்டாம், இரண்டு அரையையும் குழைத்து முகத்தை மங்கலாக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டி விசையை அழுத்திப் போட்டும் எடுத்தும் பார்க்கலாம். அப்பா நடந்து வரும் இடத்தில் அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். முகங்கள் அகலமாகத் தெரிந்தால் ஏ விசையை அழுத்தி 4:3க்குக் கொண்டு வாருங்கள். டிவியை 50 ஹேர்ட்ஸில் (வினாடிக்கு 50 தடவை படம் மாறும் அளவில்) வைத்தால் இன்னும் நல்லது. 60 ஹேர்ட்ஸில் 50 படம் சமனாகப் பிரியாமல் மெல்லிய குலுக்கல் ஒன்று இருக்கும்.

ஆனால் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. இலங்கையில் நாங்கள் பாவித்தது பால் (PAL) என்ற டிவி முறை: 576 வரி, வினாடிக்கு 25 படம். கனடாவில் என்.டி.எஸ்.சி: 480 வரி, வினாடிக்கு 29.97. டிவிடியாக்கிய கடை எந்த முறையில் எடுத்தது? திரும்பவும் கொன்ட்ரோல் ஜே. 720க்கு 576 என்று இருந்தால் கசெற்றில் இருந்தது அப்படியே வந்திருக்கிறது, மேலே சொன்னது போதும். 720க்கு 480 என்று இருந்தால் மாற்றும்போதே படங்களைக் கலந்து குழைத்திருப்பார்கள். கோடு போனாலும் அசைகிற ஆளுக்குப் பக்கத்தில் ஒரு நிழல் உருவம் நிற்கும். அதை எந்த பிளேயராலும் எடுக்க முடியாது. அப்படியென்றால் அண்ணாவிடம் கசெற் இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் எறிய வேண்டாம், பால் கசெற்றை ஓட்டும் டெக் உள்ள ஒருவரிடம் திரும்பவும் எடுக்கச் சொல்லுங்கள். காந்தநாடா வருஷம் போகப் போகத் தேயும் பொருள். 2009இல் வன்னியில் பெட்டகத்தோடும் அல்பத்தோடும் இப்படி எத்தனை கசெற் போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் ஒரு அலுமாரிக்குள் தப்பிக் கிடப்பதுதான் பல குடும்பங்களுக்கு மிச்சம்.

டிவிடியையும் தட்டிலேயே விட்டுவைக்காதீர்கள். கணினியில் போட்டு, உள்ளே இருக்கும் ‘வீடியோ_டி.எஸ்’ என்ற போல்டரை முழுதாக வன்தட்டில் கொப்பி செய்யுங்கள். அந்தப் போல்டரையே வி.எல்.சியில் திறந்து பார்க்கலாம். கடையில் கொடுத்து எம்.பி.4 ஆக்கினால் சிறிய கோப்பு கிடைக்கும், உண்மைதான். ஆனால் டீஇன்டர்லேஸ் செய்யாமல் படத்தின் அளவை மாற்றிவிட்டார்கள் என்றால் அந்தக் கோடுகள் படத்தோடு படமாக உறைந்துபோகும், பிறகு ஒருவராலும் பிரித்தெடுக்க முடியாது. அதனால் எது செய்தாலும் கொப்பியில் செய்யுங்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டில், இன்னொன்று அக்கா வீட்டில்.

இன்னொரு விஷயமும் பார்த்துவிடுங்கள். எச்.264 வீடியோகூடத் தொடக்கத்தில் நன்றாக ஓடி, கால் மணித்தியாலம் போகத் தடக்கினால் அது சூடு. எங்கள் பக்கத்து வெயிலும் றோட்டுப் புழுதியும் கணினிக்குள் என்ன செய்யும் என்று ஒரு பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். சிபியூவின் விசிறிக்குக் கீழே செம்மண் படிந்து கம்பளி போல் அடைத்திருக்கும். சிபியூ சூடானால் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, முற்றத்தில் வைத்து, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசை ஊதி எடுங்கள். பத்து வருஷம் கடந்த கணினி என்பதால் சிபியூவுக்கும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் உள்ள பேஸ்டும் காய்ந்திருக்கும். அதைக் கடையில் மாற்றித் தருவார்கள், பெரிய செலவில்லை. ஹேண்ட்பிரேக் வேலையைத் தொடங்க முன்னர் இதைச் செய்வது நல்லது.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. உங்கள் ஐ3இல் விண்டோஸ் 11ஐ முறைப்படி போட முடியாது. வீடியோ பார்க்க மட்டும், இணையத்தில் வங்கி வேலை எதுவும் செய்யாமல் பாவிப்பதென்றால் இப்படியே ஓட்டலாம். பிள்ளைகள் படிப்புக்கும் பாவிப்பார்கள் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போடும் யோசனையை வைத்துக்கொள்ளுங்கள், வி.எல்.சியும் ஹேண்ட்பிரேக்கும் அதிலும் உண்டு.

இவ்வளவும் செய்தும் சரிவரவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள். எழுதும்போது கோடெக் விபரப் பெட்டியைப் போனில் படம் எடுத்து இணையுங்கள், இரண்டு வீடியோவுக்கும். சிபியூவின் முழு மொடல் இலக்கம், டிவியின் மொடல், தொடக்கத்திலிருந்தே இழுபடுகிறதா கொஞ்ச நேரம் போனபிறகா என்பதையும் சேருங்கள்.